குதிரைவாலிப் புல்

மெய்யம்மை அம்மாவின் குடிசை, பல வருடமாக வறண்டு கிடந்த கண்மாயின் கரையில் இருந்தது. சீடர் சேவுகன் அவரைவிட மூத்தவர். முன்பு லாரி ஓட்டியவர். மனைவி இருந்த காலத்தில் வந்துபோய்க்கொண்டிருந்தார். அவள் இறந்த பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு காலையில் சேவுகன் துணிப்பையோடு வந்து நின்றார்.

"நான் கெளம்புறேம்மா."

"ஏண்ணே?"

"அவ போனதுலருந்து நாக்குதான் நாமஞ் சொல்லுது. மனசுல ஒண்ணுமில்ல. சாமி இருக்குன்னே தோணல. இப்புடிச் சொல்லி யார ஏமாத்துறேன்?"

அம்மா மறுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"மேக்குச் சுவரு வெடிச்சுக் கெடக்கு. பூசிக் குடுத்துட்டுப் போங்க," என்றார்.

சேவுகனுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனாலும் மண்வெட்டியை எடுத்தார்.

கண்மாய்க்குள் மண் கல்லாக இறுகியிருந்தது. வெட்டி, இடித்து, சலித்து, கண்ணில் பட்ட வேரையெல்லாம் பொறுக்கி எறிந்தார். தண்ணீர் ஊற்றி மிதித்து, ஈரச்சாக்கால் மூடினார். சுவருக்குப் போடும் மண் சில நாள் புளிக்க வேண்டும். சாக்கு காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். தெளிக்கும்போதெல்லாம் வாய் பழக்கதோஷத்தில் நாமத்தை முணுமுணுத்தது. எரிச்சலோடு நிறுத்துவார். அது மறுபடி தொடங்கிவிடும்.

பூசும் நாளில் சாக்கை விலக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இங்கன வாங்க."

மண்குவியல் முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை.

"குதிரைவாலிப் புல்லும்மா. கம்மாயில தண்ணி நிக்கிற வருசந்தான் இது தல காட்டும். நான் சலிச்ச மண்ணு இது. ஒரு வேரு விடலயே."

அம்மா மண்டியிட்டார். ஒரு தளிரைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இது தெரிஞ்சுதான் என்னைய மண்ணு வெட்டச் சொன்னீகளா?"

"இல்லண்ணே. சுவரு வெடிச்சிருந்துச்சு. அதான் சொன்னேன்."

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதையும் கவனிக்கவில்லை.

பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி ஊத்தையில, புல்லு மொளைக்கும்னு நம்பியாண்ணே ஊத்துனீங்க?"

"இல்லம்மா. சுவத்துக்குன்னுதான் ஊத்துனேன்."

"புல்லுக்கு அதுவே போதுமா இருந்திருக்கு, பாருங்க."