இரண்டு பேர் விழுந்த குழி

“அக்கா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

சென்னியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை கசங்கிக் கிடந்தது. கண் சிவந்திருந்தது.

நாயகி அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன வார்த்தை?”

“அம்மாவப் பத்தித்தானுங்க. இனித் தேறுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெஷின்லயே வெச்சிருக்கறதா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதான்னு கேக்கறாங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்களக் கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொன்னனுங்க.”

அக்கா இன்னொரு ஷூவை எடுத்து மாட்டினார்.

ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த மலை. அடுக்குமாடி வீடுகள் அடிவாரம் வரைக்கும் வந்து, வனத்துறையின் கம்பிவேலியைக் கண்டு நின்றுவிட்டன. வேலிக்கு இந்தப் பக்கம், கடைசித் தெருவில் கடைசி வீடு அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சிலர் கூடுவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு யாராவது எதையாவது கேட்பார்கள். அக்கா சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் சொல்லமாட்டார்.

சென்னியப்பன் அக்காவைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். மோட்டார் பம்ப் பட்டறை வைத்து நடத்துபவர். பட்டறையில் அவர் குரல் கேட்டால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் இவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரை அண்ணா என்பார். இரண்டுமே மரியாதைக்குத்தான்.

அக்காவைக் கேட்காமல் சென்னியப்பன் எதுவும் செய்ததில்லை. மகளுக்கு வந்த வரன், பட்டறைக்குப் புது லேத் மெஷின், எல்லாமே அந்த வாசலுக்கு வந்துவிட்டுத்தான் போயின. ஒருமுறை நிலம் விற்பதைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, காபிக்குச் சர்க்கரை போடட்டுமா என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள். வேண்டாமென்று அக்கா தலையாட்டினார். சென்னியப்பன் அன்றைக்கே பேரத்தை முறித்துவிட்டார்.

“மழை விட்டிருக்கு. நடக்கப் போறேன். வர்றீங்களா?” என்றார் அக்கா.

“இப்பவா?”

“இப்ப போனாத்தான் உண்டு. மறுபடி பிடிச்சுக்கும்.”

சென்னியப்பன் காலில் தோல் செருப்புதான் இருந்தது. அதோடு கிளம்பினார்.

வேலிக் கதவருகே வனத்துறை வாட்சர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

“மேல ஒரே சேறுங்க. இன்னிக்கு ஒருத்தரும் வரல. பாத்துப் போங்க.”

அவர் சொன்னது சரிதான். நாலு நாள் மழையில் செம்மண் பாதை கரைந்து கூழாகியிருந்தது. வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டு, எண்ணெய் பூசினாற்போல மினுங்கின. இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் அதுவும் நின்றது.

அக்கா முன்னால் போனார். சென்னியப்பன் பின்னால்.

இரண்டு முறை வழுக்கிய பிறகு சென்னியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா கால் வைத்த இடத்திலேயே தன் காலையும் வைத்தார். அக்கா வேரில் மிதித்தால் அதே வேர். கல்லில் மிதித்தால் அதே கல். அதற்குப் பிறகு வழுக்கவில்லை.

அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மண்டை, இப்போது அக்காவின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு பெரிய சறுக்குப் பாறை வந்தது. பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்து இருவரும் ஏறினார்கள்.

மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டபோது, “அக்கா, சொல்லுங்க” என்றார் சென்னியப்பன்.

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சியும் கேட்டுட்டே இருக்கா. ‘அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான் சரி’ன்னு அவளும் சொல்லிட்டா.”

அக்கா மறுபடி நடந்தார்.

பாதை ஒரு திருப்பத்தில் அகன்று, தண்ணீர் தேங்கி நின்றது. ஓரமாகச் சுற்றிப் போனவர்கள் மிதித்து மிதித்து அந்த ஓரமும் சேறாகியிருந்தது. அக்கா நடுவில் கால் வைத்தார். கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. உடம்பு ஒரு பக்கம் திருகிக்கொண்டு சாய்ந்தது. அக்கா சேற்றில் விழுந்தார்.

சென்னியப்பனின் கால் அப்போது அந்தரத்தில் இருந்தது. அவர் அதை அதே இடத்தில் வைத்தார்.

அவரும் விழுந்தார்.

இரண்டு பேரும் சேற்றிலேயே எழுந்து உட்கார்ந்தார்கள். அக்கா முகத்தில் இருந்த சேற்றைப் புறங்கையால் துடைத்தார். கை முழுக்கச் சேறாக இருந்ததால் முகம் இன்னும் மோசமானது.

“நான் கால் வெச்சேன், விழுந்தேன். நீங்க எப்படி விழுந்தீங்க?”

“நீங்க வெச்ச எடத்துல வெச்சனுங்க.”

“நான் விழுந்ததப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க.”

“பாத்துட்டும் வெச்சீங்களா?”

சென்னியப்பன் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டார்.

அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“கணுக்கால் போச்சு.”

சென்னியப்பன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எனக்குப் புரியணும்னு வேணும்னே விழுந்தீங்களா அக்கா?”

அக்கா பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கணுக்கால் அதற்குள்ளேயே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். மலையில் அன்றைக்கு அவர்களைத் தவிர யாரும் இல்லை.

“தோளக் கொடுங்க” என்றார் அக்கா.

சென்னியப்பன் ஒரு கணம் தயங்கினார். இத்தனை வருஷத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரக்கூட அவர் கூசியிருக்கிறார். அப்புறம் குனிந்து தோளைக் கொடுத்தார். அக்கா அதைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்தார். அக்காவுக்கும் கனம் இருந்தது.

“வந்த வழியில சறுக்குப் பாறை இருக்குதுங்க. இந்தக் காலோட அதுல எறங்க முடியாது.”

“முடியாது.”

“அப்ப எப்படிப் போறது?”

“எனக்கு வலி உயிர் போகுதுண்ணா. நீங்க பாருங்க.”

அக்கா அவர் தோளில் பாரத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சென்னியப்பன் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மூங்கில் புதருக்குள் இறங்கியது. இன்னொன்று மலையை ஒட்டி வளைந்து போனது. அவர் முறிந்து கிடந்த ஒரு கொம்பை எடுத்துக்கொண்டார். முன்னால் குத்திப் பார்த்தார். கொம்பு உள்ளே போகாத இடத்தில் காலை வைத்தார்.

மூங்கில் வழி இறக்கமாக இருந்தது. இறக்கம் என்றால் வீட்டுக்குப் போகிற வழியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அக்காவை நடத்திக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினார். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. இன்னொன்றையும் கழற்றி விட்டெறிந்தார். காலில் அட்டை ஏறியது. அதைப் பிடுங்கக் கை இல்லை.

கீழே ஓடை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் கலந்த தண்ணீர், டீ நிறத்தில். அந்தப் பக்கம் முள்வேலி.

சென்னியப்பன் நின்றார்.

“தப்பான வழிங்க அக்கா.”

“சரி.”

“திரும்பி ஏறணும்.”

“சரி.”

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அக்காவிடம் அவருக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

“தப்புன்னு தெரிஞ்சும் பேசாம வந்தீங்களா? முதல்லயே ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?”

அக்கா கண்ணைத் திறந்தார்.

“எனக்கும் இந்தப் பக்கம் தெரியாதுண்ணா. நான் தினமும் வர்றது அந்த ஒரே பாதையிலதான்.”

“தெரியாதா?”

“தெரியாது. தெரியாதுன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நீங்கதான் நம்பறதில்ல.”

ஓடை சத்தமாக ஓடியது. சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, அக்காவின் கையை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, வந்த மேட்டில் ஏறினார்.

ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாதி மேட்டில் இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டார். ரத்தம் நிற்காமல் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல் பேசினார்.

“தொண்டையில கொழாய் வெக்கறதுக்கு முந்தின நாள் அம்மா என்னையக் கூப்புட்டாங்க. ரூம்ல வேற யாரும் இல்ல. ‘ஊட்டுக்குப் போலாம் கண்ணு’ன்னாங்க.”

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லானதும் போலாம்மான்னு சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.”

மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

“தங்கச்சிகிட்டகூட நான் இதச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல. அம்மா ஏதோ நெனவு தப்பித்தான் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்படி நெனச்சா எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.” அவர் நிமிர்ந்தார். “அவங்க எத மனசுல வெச்சு அப்படிச் சொன்னாங்கன்னு நீங்க நெனக்கறீங்க அக்கா?”

“என்கிட்ட சொல்லலியே.”

“இல்ல, இப்ப நான் சொன்னத வெச்சு…”

“உங்ககிட்டதானே சொன்னாங்க.”

 பாறையில் உட்கார்ந்தபடியே சென்னியப்பன் அழுதார். சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அக்கா அவரைத் தேற்றவில்லை. தன் காலைத் தடவிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

பிறகு சென்னியப்பனே எழுந்தார்.

“போலாமுங்களா?”

“போலாம்.”

மலையை ஒட்டி வளைந்த பாதையில் நடந்தார்கள். அதுவும் ஒன்றும் நல்ல பாதை இல்லை. ஓரிடத்தில் மண் சரிந்து பாதியை மூடியிருந்தது. சென்னியப்பன் அக்காவை நிறுத்திவிட்டுத் தனியாகப் போய்க் கொம்பால் குத்திப் பார்த்தார். மேட்டுப் பக்கம் கெட்டியாக இருந்தது. திரும்பி வந்து அக்காவைக் கூட்டிப் போனார். இன்னோரிடத்தில் ஆளுயரப் பள்ளம். அங்கே அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டார். நடுவில் ஒருமுறை முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து, கால் வைக்கிற இடத்தை மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தார்.

இந்த வழி சரியா என்று அவர் அக்காவைக் கேட்கவில்லை.

மரங்கள் விலகின. அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள் தெரிந்தன. யாரோ மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலிக் கதவருகே வாட்சர் ஓடி வந்தார்.

“அய்யய்யோ, என்னங்க ஆச்சு?” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அக்காவை அதில் உட்காரவைத்துவிட்டு, ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனார்.

சென்னியப்பனின் போன் அடித்தது.

தங்கை வசந்தாமணி. மலைக்குள் இருந்தபோது பல தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

“எங்கண்ணா போயிட்ட? டாக்டர் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாரு. அக்கா என்ன சொன்னாங்க?”

சென்னியப்பன் அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து, ஈரத்தில் இறுகிப்போன ஷூ லேஸை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தார். முடிச்சு வரவில்லை.

“அண்ணா? இருக்கறியா? அக்கா என்ன சொன்னாங்க?”

“அக்கா ஒண்ணும் சொல்லல அம்மிணி” என்றார் சென்னியப்பன். “அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். நான்தான் சொல்றேன்.”