சியோங்சாம் என்றால் நூடுல்ஸ்

தனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லே கிடையாது என்பார் வாத்தியார் ஞானசிகாமணி. துணிக்கடையில் வேலை பார்க்கும் செங்கமலம் அவரிடம் படித்தாள். வகுப்பில் ஆளுக்கு ஒரு வரி வாசிக்க வேண்டும். அன்று அவள் வரியில், "அம்மா சியோங்சாமை வெளியே எடுத்தாள்" என்று வந்தது. ஏதோ சீனச் சொல்.

"அர்த்தம் சொல்லு. இல்லாட்டி நாளைக்குப் பரீட்சைக்கு வராதே."

அவள் போக நினைத்த சிங்கப்பூர் வேலைக்கு அந்தப் பரீட்சைதான் வழி.

"தெரியலை சார். நீங்களே சொல்லிடுங்க."

"இதுகூடத் தெரியாதா? சீனாக்காரன் நூடுல்ஸ்!"

"சரி சார். அடுத்த வரியையும் நானே வாசிக்கட்டுமா?"

"வாசித்துத் தொலை."

வாசித்தாள். 'அதை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள்.'

"சார், நூடுல்ஸுக்கு எப்படி சார் இஸ்திரி போடுறது?"

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

"உனக்குத்தான் அர்த்தம் தெரியாதே?" என்றார் ஒருவழியாக.

"தெரியாதுதான் சார். அதனாலதான் அடுத்த வரியைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிஞ்சதால நீங்க பார்க்கலை."

மறுநாள் செங்கமலம் பரீட்சை எழுதினாள். வினாத்தாளை நீட்டியவர் அவரேதான்.