பதினொரு முறை பிரித்த குல்லா

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சிஷ்யைக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ரெஜினா. குன்னூரில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் படிக்கட்டுத் தெருவில் வீடு. மத்தியானச் சமையல் முடிந்த கையோடு கூடத்தில் பாய் விரித்து, வருகிறவர்களுக்கு உல்லன் பின்னலும் கைத்தையலும் சொல்லிக் கொடுப்பாள். நடுவில் குக்கர் கூப்பிட்டால் எழுந்து போவாள், மாமியார் கூப்பிட்டாலும் எழுந்து போவாள்.

சிஷ்யை மங்கையர்க்கரசி முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்பில் ரெஜினாவுக்கு அல்ஜீப்ரா நடத்தியவரும் அவர்தான். அன்றைக்கும் அது ரெஜினாவின் தலையில் ஏறவில்லை, இன்றைக்கும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே ரெஜினா அவரை டீச்சர் என்று கூப்பிட்டாள். கற்றுக்கொள்ள வந்த மரியாதைக்கு அவரும் ரெஜினாவை டீச்சர் என்றே கூப்பிட்டார். கூடத்தில் யாராவது டீச்சர் என்றால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

முதல் நாளே அவர் கேள்வியோடுதான் வந்தார்.

"மனசை ஒரு இடத்துல உட்கார வைக்க ஏதாவது வழி இருக்கா டீச்சர்?"

ரெஜினா அவருடைய காலைப் பார்த்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தும் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

"முதல்ல கையை உட்கார வைப்போம்" என்று உல்லன் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எல்லாம் கடையிலிருந்து வந்து காகிதப் பட்டைகூடக் கழற்றாத கண்டுகள். மங்கையர்க்கரசியின் கை மஞ்சள் கண்டு பக்கம் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

என்ன பின்னலாம் என்று ரெஜினா கேட்டாள். குல்லா என்றார். யாருக்கு என்றதற்குச் சும்மாதான் என்றார். அளவு கேட்டபோது இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். ஒரு சின்னத் தேங்காய் அளவு இருந்தது. அந்த அளவுத் தலை யாருக்கு இருக்கும் என்று ரெஜினா கேட்கவில்லை.

விஷயம் இதுதான். மங்கையர்க்கரசிக்கு ஒரே மகள், நிறைமதி. கோயம்புத்தூரில் புகுந்த வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை மூன்று மாதம் முடிந்ததும் டாக்டர் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டார். மலைப் பாதையில் பயணம் கூடாது, வளைகாப்பும் வேண்டாம் என்று வீட்டிலும் முடிவாகிவிட்டது. அப்படியானால் நான் அங்கே வந்து இருக்கிறேன் என்று அம்மா பெட்டியைக் கட்டினார். மகள்தான் தடுத்தாள்.

"நீ வராதேம்மா. நீ ராத்திரி பகல்னு நடந்துட்டே இருப்பே. உன் பயம் எனக்கும் ஒட்டிக்கும். கொஞ்சம் உட்காரக் கத்துக்கோ. நான் கூப்பிடறப்ப வா."

பெற்ற பெண்ணின் வாயால் இப்படிக் கேட்க நேர்ந்த ஒரு தாய்க்கு எப்படி இருக்கும். அழுகையாக வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்ததால் கூடுதலாக வந்தது.

இன்னொன்றும் உண்டு. முதல் கர்ப்பத்தின்போது, ஐந்தாம் மாதமே, ஆசை தாங்காமல் கடையில் ஒரு மஞ்சள் சட்டை வாங்கி வைத்தார் மங்கையர்க்கரசி. குல்லாவும் காலுறையும் சேர்ந்த செட். பிறக்கிற பிள்ளைக்கு முன்கூட்டிப் புதுத்துணி வாங்க மாட்டார்கள், பிறந்த உடம்பில் முதலில் படுவது துவைத்துத் துவைத்து மெத்தென்று போன பழந்துணியாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஊர் அறிந்த வழக்கம். அவரும் அறிந்ததுதான். அடுத்த மாதம் பிள்ளை போய்விட்டது. சம்பந்தியம்மா சண்டை போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தச் சட்டையை அவசரப்பட்டு வாங்கியிருக்க வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

மங்கையர்க்கரசிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நிரூபணம் இல்லாத எதையும் போர்டில் எழுத விடாதவர். இரண்டாவது தடவை அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை, அப்போதும் பிள்ளை தங்கவில்லை. கணக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மஞ்சள் சட்டை அப்போதும் பீரோவுக்குள் இருந்ததே என்று அவர் மனம் ஒரு புது வழி கண்டுபிடித்தது.

இப்படிப்பட்ட மனதை வைத்துக்கொண்டுதான் அவர் குல்லா பின்ன உட்கார்ந்தார்.

வட்டமாகப் பின்னும் குல்லா அது. விளிம்பில் தொடங்கி, ஊசியில் நிற்கும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே உச்சிக்கு வந்தால் எட்டுக் கண்ணி மிஞ்சும். அப்போது உல்லனை ஒரு சாண் விட்டுக் கத்தரித்து, அந்த நுனியைப் பெரிய காதுள்ள ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணிக்குள்ளும் விட்டு இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். கத்தரிக்கிறவரைக்கும் அது வெறும் உல்லன், கத்தரித்தால்தான் குல்லா.

பத்தாம் நாள் எட்டுக் கண்ணி மிஞ்சியது. ரெஜினா கத்தரியை நீட்டினாள். மங்கையர்க்கரசி அதை வாங்காமல் ஊசிகளை உருவிவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். பத்து நாள் வேலை ஒரு நிமிடத்தில் சுருள் சுருளாக மடியில் விழுந்தது.

"தப்பாப் போட்டுட்டேன்" என்றார்.

ஒரு கண்ணிகூடத் தப்பில்லை. எண்ணியது கணக்கு டீச்சர் ஆயிற்றே.

"சரி, திரும்பப் போடுங்க" என்றாள் ரெஜினா.

திரும்பவும் போட்டார். எட்டுக் கண்ணி வந்ததும் திரும்பவும் பிரித்தார். மூன்றாம் தடவை, நான்காம் தடவை. கூட வந்த பெண்கள் மப்ளர் முடித்தார்கள், ஸ்வெட்டர் முடித்தார்கள், ஒருத்தி மேஜை விரிப்புகூட முடித்து எல்லோரிடமும் காட்டிவிட்டுப் போனாள். மங்கையர்க்கரசி பின்னுவார். பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போய் போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பார். வந்து உட்கார்ந்ததும் வீட்டில் காஸை அணைத்தோமா என்று சந்தேகம் வரும். படியிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவார். வந்து பிரிப்பார்.

ஐந்தாம் தடவை பிரித்தபோது அவருக்கே கோபம் வந்தது.

"பிரிக்காதீங்கன்னு நீங்க ஏன் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"சொன்னா விட்டுடுவீங்களா டீச்சர்?"

"மாட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போய் உல்லனை நனைச்சுத் தொங்க விடுங்க. சுருக்கு போயிடும், அடுத்த தடவை பின்ன லேசா இருக்கும்."

அதைக் கேட்டு மங்கையர்க்கரசிக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் போய் நனைத்தார், அதற்குப் பிறகு பிரித்த ஒவ்வொரு தடவையும் நனைத்தார்.

ஒருநாள் வகுப்பு நீண்டு சாயங்காலமாகிவிட்டது. ரெஜினா விளக்கைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பர்வீன் வாசலில் வந்து நின்றாள். அவள் ஒரு ஓட்டலில் வரவேற்பில் இருப்பவள். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் புடவையின் ஓரம் பிரிந்து தொங்குகிறது, ஒரு ஊசி வேண்டும் என்றாள். விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டிலிருந்து ஊசி வெளியே போகாது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு முடித்ததும் உள்ளேயிருந்து மாமியாரின் செருமல் வந்தது.

மங்கையர்க்கரசி ஆவலோடு பார்த்தார். அந்தச் செருமலை ரெஜினா மதிப்பாளா, மதிக்க மாட்டாளா.

"ஊசி வெளியே வராது பர்வீன்" என்றாள் ரெஜினா. "துணி உள்ளே வரலாமே."

பர்வீன் போய் வேறு உடுத்திக்கொண்டு புடவையைக் கொண்டுவந்தாள். ரெஜினா கால் மணி நேரத்தில் ஓரம் அடித்துக் கொடுத்தாள். உள்ளே செருமல் நின்றுவிட்டது, பர்வீனும் வேலைக்குப் போய்விட்டாள்.

"இதெல்லாம் நீங்க நம்பறீங்களா டீச்சர்?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"புடவை தைச்சாச்சு டீச்சர்" என்றாள் ரெஜினா.

மங்கையர்க்கரசி தன் பின்னலை மடித்து வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, மஞ்சள் சட்டையின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். எதற்காகப் பின்னுகிறார், எட்டுக் கண்ணியில் எதற்காக நின்றுவிடுகிறார் என்பதையும் சொன்னார். முடித்துவிட்டால் அது புதுத்துணி ஆகிவிடும், பின்னாமல் இருக்கவும் முடியவில்லை என்றார். ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் படியில் பாசி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நிறைமதிக்கு எட்டாம் மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று மணி. மங்கையர்க்கரசியின் ஊசியில் பன்னிரண்டாம் தடவையாக எட்டுக் கண்ணி நின்றபோது போன் அடித்தது.

மருமகன் பார்த்திபன். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றான். இன்றைக்கே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். பயப்படும்படி இல்லை என்று சொல்கிறார், ஆனால் பிள்ளை எடை குறைவாகத்தான் இருக்கும். மதி உங்களைக் கூப்பிடுகிறாள். கடைசியாக, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, இன்னொன்றையும் சொன்னான். பிள்ளைக்குச் சூடு நிற்க வேண்டும், தலைக்குக் குல்லா கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாராம். சுற்றுவதற்கு என் அம்மா பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறார். குல்லாதான் இல்லை. கடையில் வாங்க அம்மா விடமாட்டேன் என்கிறார். அங்கே யாருடைய வீட்டிலாவது பிள்ளைகள் போட்ட பழைய குல்லா கிடைக்குமா?

பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார் மங்கையர்க்கரசி. கூப்பிடும் நாளுக்காகத்தான் நாலு மாதமாகக் காத்திருந்தார். இப்போது எழுந்திருக்காமல் மடியிலிருந்த பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜினா டாக்சிக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் படிக்கட்டுக்குக் கீழே வந்து நிற்கும் என்றார்கள். அவள் திரும்பிப் பார்த்தபோது மங்கையர்க்கரசியின் விரல்கள் தாமாகவே ஊசியை உருவப் போயிருந்தன. ரெஜினா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க டீச்சர்" என்றார் அவர். "அவங்க பழசுதான் கேக்கறாங்க. உங்க பசங்க போட்டது ஏதாவது இருந்தா கொடுங்க. காலில வேணும்னாலும் விழறேன்."

எட்டாம் வகுப்பில் முட்டி போட வைத்த டீச்சர் இப்படிச் சொன்னதும் ரெஜினாவின் கண்கள் கலங்கிவிட்டன.

"பழசு ஒண்ணு இருக்கு" என்றாள்.

"எடுங்க, சீக்கிரம்."

ரெஜினா எழுந்திருக்கவில்லை. "இதை எத்தனை தடவை பிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப எதுக்கு அது?"

"எத்தனை தடவை?"

"பதினொண்ணு." கணக்கு டீச்சருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "பதினொரு தடவை. நாலு மாசம் முழுக்க ஒரு வேலையும் நடக்கல. வீணாப் போச்சு."

ரெஜினா கூடையிலிருந்து பட்டை கழற்றாத சாம்பல் கண்டு ஒன்றை எடுத்து அவருடைய ஒரு கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். சுணை பட்டது போல முரமுரவென்று குத்தியது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஊசியோடு இருந்த குல்லாவைத் தூக்கி மறு கன்னத்தில் வைத்தாள்.

மங்கையர்க்கரசி முகத்தைத் திருப்பவில்லை. கீழே தெருவில் டாக்சி வந்து ஹாரன் அடித்தது.

"இது புதுசு டீச்சர்" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

ரெஜினா கத்தரியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பதினொரு தடவை பின்னி, பதினொரு தடவை பிரிச்சு, நனைச்சு நனைச்சுக் காயப் போட்டிருக்கீங்க" என்றாள். "ஒரு துணி இதுக்கு மேல எப்படி டீச்சர் பழசாகும்?"

மங்கையர்க்கரசி ஒரு சாண் அளந்து கத்தரித்தார்.