குனியாப் பள்ளம்

"அம்மையே, என் பயம் இன்னும் போகவில்லை" என்றான் சேந்தன்.

விசயை அம்மை கோலின் நுனியில் பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எங்கே போக வேண்டும் அது?"

"என்னை விட்டுப் போக வேண்டும். மூன்று மழைக்காலம் உங்களோடு இருந்துவிட்டேன். இன்னும் கண்ணை மூடினால் கடல் வருகிறது. வாய்க்குள் தண்ணீர் வருகிறது."

"துணியின் அந்த முனையை இழுத்துப் பிடியும்."

சேந்தன் பிடித்தான்.

அவன் நாகப்பட்டினத்து மாலுமி. சாவகத் தீவுக்கு வந்த கப்பல், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உடைந்தது. பாய்மரத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு கரை சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். சேர்ந்தவன் அங்கே நிற்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தான். முதலில் கடல் கண்ணுக்கு மறைந்தது. பிறகு காதுக்கும் மறைந்தது. உச்சியில் புகை கசியும் மலைகளுக்கு நடுவே வந்த பிறகுதான் அவன் கால்கள் நின்றன.

அங்கே ஒரு குடில் இருந்தது. குடிலில் ஒரு துறவி. அவனைவிடப் பத்து வயதாவது இளையவள். தாய் தீவுக்காரி, தந்தை தமிழ் வணிகர்.

சேந்தன் அவள் காலில் விழப்போனான். நெற்றி மண்ணைத் தொடும் முன் அவள் அவன் குடுமியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"இந்த மலையில் யாரும் குனிவதில்லை" என்றாள் தமிழில்.

ஏன் என்பது மறுநாள் தெரிந்தது.

குடிலுக்குக் கீழே, மலைகளுக்கு நடுவில், அகன்ற தாம்பாளம் போல ஒரு பள்ளம். அதில் புல் இல்லை. ஈ இல்லை, எறும்பு இல்லை. தாழப் பறந்த பறவை மேலே எழும்புவதில்லை. தண்ணீர் தேடி இறங்கிய மான் தலையைத் தாழ்த்திய இடத்திலேயே கிடக்கும். அழுகாமல், காய்ந்து, தூங்குவது போலக் கிடக்கும்.

மலையின் வயிற்றிலிருந்து ஒரு கெட்ட காற்று அந்தப் பள்ளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கனமானது என்பதால் தண்ணீரைப் போலத் தரையோடு தேங்கிக் கிடக்கும். நிமிர்ந்து நடப்பவன் பிழைப்பான். உட்கார்ந்தவன் செத்தான். கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தவனும் செத்தான்.

மேல்மலை ஊர்க்காரர்கள் சமவெளிக்கு இறங்க அதுதான் வழி. சுற்றிக்கொண்டு போனால் பல நாள் ஆகும். அதனால் வருகிறவர்களை, காற்று வீசும் நேரம் பார்த்து, பந்தம் பிடித்து, அக்கரை சேர்ப்பது அந்தக் குடிலில் இருப்பவரின் தவம்.

விசயை அம்மை துணியை முடிச்சிட்டாள்.

"பயமே இல்லாத ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான் சேந்தன்.

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த வழியைக் காட்டிக்கொடுத்தவர். தருமசேன அடிகள்."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்."

ஊரார் சொல்லி அவனும் கேட்டிருந்தான். பள்ளத்தின் நடுவே ஒரு முனிவர் சாவை வென்று அமர்ந்திருக்கிறார் என்பார்கள். விளிம்பில் நின்று அவருக்குப் பூ எறிவார்கள். அவன் பார்த்ததில்லை. அம்மையின் பின்னால் பள்ளத்தைக் கடந்தபோதெல்லாம் அவள் முதுகைத் தவிர வேறெதையும் அவன் கண் பார்த்ததில்லை.

"நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள். நீர் முன்னால் போம். நான் பின்னால் வருகிறேன். போகிற வழியில் அவரைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேளும்."

"நான் முன்னாலா?"

"பந்தங்களை எண்ணெயில் நனைத்து வையும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவன் பெயர் தனு, விறகு வெட்டுகிறவன். அகன்ற தோள், ஓயாத சிரிப்பு. அவள் பெயர் சூரி. நிறைமாதம். தலைப்பிள்ளையைச் சமவெளியில் தாய் வீட்டில் விட்டிருந்தாள். இரண்டாவதையும் அங்கேயே பெற வேண்டும் என்று கிளம்பியிருந்தாள்.

விளிம்பில் காத்திருந்தார்கள். உச்சிப்பொழுதில் கணவாயிலிருந்து காற்று வந்தது. விளிம்பிலிருந்த புற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காற்று அடித்தால் பள்ளம் கலையும். கெட்டது தரையோடு மெலிந்துபோகும். கடலில் எந்தக் காற்றுக்குச் சேந்தன் நடுங்கினானோ, அந்தக் காற்றுக்கு இங்கே காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மை அவனைப் பார்த்தாள். அவன் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"கீழே எது விழுந்தாலும் போனதுதான். எடுக்கக் குனியாதீர்கள். உட்காராதீர்கள். ஓடாதீர்கள், ஓடினால் மூச்சு வாங்கும். என் அடியைப் பார்த்து அடி வையுங்கள்."

தனு சிரித்தான். "கண்ணுக்குத் தெரியாததற்கு இவ்வளவு பயமா, ஐயா? உங்கள் கை நடுங்குகிறதே."

சேந்தனின் முகம் சுண்டிப்போனது. இறங்கினான்.

ஒரு கையில் குட்டைப் பந்தம், தலைக்கு மேல் உயர்த்தி. மறு கையில் நீளக் கோலில் கட்டிய பந்தம், தரையைப் பார்த்துத் தாழ்த்தி. தாழ்ந்த பந்தம் எந்த உயரத்தில் அணைகிறதோ அதுவரைக்கும் சாவு நிற்கிறது என்று பொருள். அணைந்தால் மேலே இருப்பதில் பற்றவைத்து மறுபடி தாழ்த்த வேண்டும்.

கணுக்காலில் அணைந்தது. பற்றவைத்தான். மறுபடி கணுக்காலில் அணைந்தது. நல்ல நாள்.

பின்னால் சூரியின் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் தனு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். கடைசியில் அம்மை. அவள் வருவது காதில் விழவேயில்லை.

பள்ளத்தின் நடுவில், ஒரு பாறையடியில், அவரைப் பார்த்தான்.

தருமசேன அடிகள் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தோல் காய்ந்து எலும்போடு ஒட்டியிருந்தது. காவி ஆடை மண் நிறமாகியிருந்தது. தலை லேசாகச் சாய்ந்து, வெயிலில் இதமாக ஓய்வெடுப்பவரைப் போலிருந்தார். விளிம்பிலிருந்து எறிந்த பூக்கள் உருண்டு வந்து அவரைச் சுற்றிக் கருகிக் கிடந்தன.

அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு கலக்கம் இல்லை.

சேந்தனின் அடி தளர்ந்தது. இத்தனை காலம் தேடியது இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. இப்படி அமர முடிந்தால் போதும். பிறகு கடல் வராது. பந்தங்கள் இருந்த கைகள் தாமாகவே நெஞ்சுக்கு முன்னால் ஒன்றுசேர வந்தன. கழுத்து வளைந்தது.

அப்போது பிடரியில் வியர்வை சூடானது.

அதுவரை அங்கே காற்று பட்டுக் குளிர்ந்துகொண்டிருந்தது. இப்போது இல்லை. பாய் தொங்கிப்போகும் முன்பே மாலுமியின் தோலுக்குத் தெரிந்துவிடும். நிமிர்ந்து மேல் பந்தத்தைப் பார்த்தான். சுடர் சாயாமல், ஆடாமல், செங்குத்தாக நின்றது.

காற்று நின்றுவிட்டது.

கோலைத் தாழ்த்தினான். முழங்காலில் அணைந்தது.

பற்றவைத்தான். நாலு அடி நடந்து தாழ்த்தினான். தொடையில் அணைந்தது.

"அம்மையே" என்றான்.

"தெரிகிறது. நடவும்" என்றாள் அம்மை பின்னாலிருந்து. அவள் குரலும் வழக்கமான குரலாக இல்லை.

திரும்பிப் போவதும் முன்னால் போவதும் ஒரே தூரம். முன்னால் நடந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோரையும் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று கால்கள் துடித்தன.

அப்போது சூரி நின்றாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கால் வழியே நீர் ஓடி மண்ணை நனைத்தது.

"உட்கார வேண்டும்" என்றாள்.

"கூடாது, தாயே."

"முடியவில்லை. ஒரு கணம்." முழங்கால்கள் மடியத் தொடங்கின.

"உட்காரட்டுமே, ஐயா" என்றான் தனு. "வலி விட்டதும் எழுந்துவிடுவாள். நான் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, பாருங்கள்."

அவன் முதுகிலிருந்த மூட்டையை இறக்கினான். அவள் உட்கார வசதியாக அதைத் தரையில் வைக்கக் குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை. எதையோ மறந்துவிட்டு யோசிப்பவனைப் போல அப்படியே நின்றான். பிறகு மண்டியிட்டான்.

சூரி அலறினாள். அலறிக்கொண்டே அவனை நோக்கிச் சரிந்தாள்.

சேந்தன் கோலை எறிந்துவிட்டு அவள் அக்குள்களுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். மேல் பந்தத்தை அவள் கையில் திணித்தான்.

"உயரப் பிடி. தலைக்கு மேல் பிடி."

"அவர், அவர்..."

"பிடி, தாயே."

அவன் ஓரக்கண்ணில் அம்மை தெரிந்தாள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, கன்னம் புடைக்க, இடுப்புவரை மடிந்து கீழே போனாள். தனுவின் தலைமயிர் அவள் பிடியில் வந்தது. அதற்கு மேல் சேந்தன் பார்க்கவில்லை.

அவன் சூரியை நெஞ்சோடு தூக்கியபடி நடந்தான். வலி வந்தபோதெல்லாம் அவள் உடம்பு முழுவதும் தரையைக் கேட்டது. கால்களை மடக்கித் தொங்கினாள். அவன் கையைக் கடித்தாள். அவன் வம்சத்தையே சபித்தாள். விட்டுவிடு, இங்கேயே பெற்றுவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.

அவனால் விட முடியவில்லை. விடலாம் என்று நினைத்தால்கூட விரல்கள் பிரியாது. பயத்தில் அவை அவ்வளவு இறுகியிருந்தன. பந்தத்தின் சுடர் அவள் தலைக்கு மேல் குறுகி, நீலமாகி, மறுபடி மஞ்சளானது. அது ஒன்றையே பார்த்துக்கொண்டு நடந்தான். மார்பு எரிந்தது. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பூச்சிகள் பறந்தன.

காலடியில் மண் மேடேறத் தொடங்கியது. பிறகு ஒரு புல். பிறகு பல புற்கள். விளிம்பில் காற்று இருந்தது.

சூரியைப் புல்மேல் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சரிவில் அம்மை வந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் தொங்கியபடி, குடித்தவனைப் போல, தனு கால் இடறி இடறி வந்தான். மேலே வந்ததும் வாந்தி எடுத்தான். எங்கே இருக்கிறோம் என்று கேட்டான். நினைவு திரும்பியதும் தாய் வீட்டாரைக் கூட்டிவரக் கீழே ஓடினான்.

அவர்கள் வரும்வரை பிள்ளை காத்திருக்கவில்லை. அம்மையே எடுத்தாள். பெண் குழந்தை. வெயில் தாழும் முன் அதன் அழுகை மலைகளில் எதிரொலித்தது.

தாய் வீட்டார் தொட்டில் கட்டிய மூங்கிலோடு வந்தார்கள். பாட்டும் பேச்சுமாக அழைத்துப் போனார்கள். தனு போகும்போது சேந்தனைப் பார்த்தான். கும்பிடக் கையெடுத்தான். ஆனால் தலையைத் தாழ்த்தவில்லை. அவன் கழுத்து தாழ மறுத்தது. அவன் சிரிக்கவும் இல்லை.

சேந்தன் விளிம்பில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தான். கைகள் இன்னும் உதறிக்கொண்டிருந்தன. தொடைகளுக்கு நடுவே அவற்றை மறைத்து வைத்துக்கொண்டான்.

அம்மை ஓடையில் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். கீழே பள்ளம் அமைதியாக, அழகாக, மாலை வெயிலில் பொன்னாகக் கிடந்தது.

"அடிகளைப் பார்த்தீரா?"

"பார்த்தேன்."

"கேட்டீரா?"

"கேட்கப் போனேன். காற்று நின்றுவிட்டது."

அவள் ஈரக் கையை ஆடையில் துடைத்தாள்.

"அவருடைய முகம் என் கண்ணை விட்டு அகலவில்லை, அம்மையே" என்றான். "எப்படிப்பட்ட நோன்பு இருந்தால் ஒருவர் அங்கே போய் அப்படி அமர முடியும்?"

"நோன்பா?"

"ஊரார் சொல்கிறார்களே. சாவை வெல்ல அமர்ந்தார் என்று."

"ஊரார் விளிம்பில் நின்றவர்கள். நான் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்." அவள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் வயது முழுவதும் அவர் அதைக் கடந்துகொண்டிருந்தவர். அந்தப் பள்ளத்தின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் பந்தம்கூட எடுப்பதில்லை. அன்றைக்குக் காற்று இல்லை என்றேன். கேட்டுச் சிரித்தார். நடுவில், அந்தப் பாறையிடம் வந்ததும் நின்றார்."

"என்ன சொன்னார்?"

"கால் வலிக்கிறது என்றார். உட்கார்ந்தார்."

சேந்தன் கல்லிலிருந்து எழுந்து நின்றான்.