மூழ்கும் சட்டை

“புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்னு இருக்கேம்மா. தப்பா?”

நல்லசிவம் இப்படிக் கேட்டபோது சடாட்சரி அம்மை தன் கடற்கரை மடத்து வாசலில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நல்லசிவத்துக்கு அவர்தான் குரு.

அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். உட்காரும்படி கை காட்டினார்.

அரசுக் கிடங்கில் வந்து இறங்கும் சரக்கைச் சோதித்துப் பார்ப்பது நல்லசிவத்தின் வேலை. மீனவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வந்த லைஃப் ஜாக்கெட்டுகளில் ஒன்றைச் சந்தேகப்பட்டுக் கிழித்தார். உள்ளே இருந்தது பழைய மெத்தைகளிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சு. தண்ணீரில் சற்று நேரம் மிதக்கும். பிறகு நீரைக் குடித்துக் கனத்துவிடும். ஒப்பந்தக்காரர் முதலில் காட்டிய மாதிரி வேறு, லாரியில் வந்தது வேறு.

மேலதிகாரியிடம் சொன்னார். கண்டுகொள்ளாமல் இருக்கச் சொன்னார்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனார். சரக்கை நிறுத்தி வைத்தார்கள். கிடங்கு மேலதிகாரிகள் அவரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். பங்கு கிடைக்காத ஆத்திரத்தில் பழி போடுகிறார் என்று அலுவலகத்தில் பேச்சு.

அதற்குள் அந்த மிதவைச் சட்டைகளில் கொஞ்சம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டிருந்தன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போன சூசை பிணமாகக் கரை ஒதுங்கினார். அவர் குடித்திருந்தார் என்று அதிகாரிகள் மேலே எழுதி அனுப்பினார்கள்.

“அதையெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன். இந்த ஊர்க்காரங்களே என்னைத் திட்டுறாங்க. வந்த சட்டையையும் கெடுத்துட்டான்னு மண்ணை வாரித் தூத்துறாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை. இவங்களுக்குச் சட்டை. யாருக்காக நான் கிடந்து சாகணும்?”

அவர் பையில் அந்தச் சட்டை ஒன்று இருந்தது. போகிற அலுவலகமெல்லாம் காட்டிக் காட்டி அவர் சலித்துப்போயிருந்தார்.

அம்மை அதை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டார். வாரை இறுக்கினார். கடலைப் பார்த்து நடந்தார்.

கால் நனைக்கத்தான் போகிறார் என்று நல்லசிவம் நினைத்தார்.

முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது. அம்மை நிற்கவில்லை.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“சட்டை போட்டிருக்காங்கல்ல” என்றார் ஒருவர். மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அலை அம்மையைத் தூக்கியது. மிதந்தார். அடுத்த அலையிலும் மிதந்தார். பிறகு தோள் தாழ்ந்தது. கழுத்து தாழ்ந்தது.

நல்லசிவம் கத்தினார். செருப்போடு ஓடினார். கத்திக்கொண்டே நீரில் பாய்ந்தார்.

இழுத்து வந்து மணலில் போட்டபோது அம்மையின் உதடு நீலம் பாரித்திருந்தது. குப்புறப் படுத்துக் கடல்நீரைக் கக்கினார். நீரில் ஊறி இறுகிய வாரை நல்லசிவத்தால் அவிழ்க்கவே முடியவில்லை. ஒருவழியாக அவிழ்ந்தபோது சட்டை ஈர மூட்டையாகச் சரிந்து விழுந்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?”

அம்மைக்கு மூச்சு வர நேரமாயிற்று.

“நீங்க ஏன் கத்துனீங்க?”

“முங்கிருவீங்கன்னு எனக்குத் தெரியும்ல.”

“அவங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. ஏன் கத்தலை?”

“அவங்களுக்குத் தெரியாதும்மா.”

சொல்லி முடித்த பிறகுதான் நல்லசிவத்துக்குத் தன் குரல் கேட்டது.