குறளனும் வெட்சிச் செடியும் பிரிந்த கதை

சுனைக்கரையில் ஒரு வெட்சிச் செடி நின்றது. அதன் அடர்ந்த கிளைகளுக்குள் குறளன் என்ற குரங்கு குடியிருந்தது. அவ்வளவு சிறிய குரங்கு அந்தக் காட்டில் வேறில்லை.

இருவரும் சேர்ந்திருந்த அந்தக் காலம் எவ்வளவு இனிமையானது! விடிந்ததும் குறளன் ஒரு சிவந்த பூவைப் பறித்துத் தேனை உறிஞ்சும். "கூசுதடா!" என்று வெட்சி சிரிக்கும். பகலெல்லாம் சுற்றிவிட்டு வந்து, மலைக்கு அந்தப்புறம் பெய்த மழையைப் பற்றிக் குறளன் கதை கதையாகச் சொல்லும். நகர முடியாத வெட்சி, இலைகூட அசையாமல் கேட்கும்.

ஒரு காட்டுப்பூனைக்குக் குறளன்மேல் வெகுநாளாகக் கண். ஆனால் அந்தப் புதருக்குள் அதனால் நுழைய முடியவில்லை. ஆகவே ஒரு சூழ்ச்சி செய்தது.

ஒரு மாலை, தண்ணீர் குடிக்க வந்ததுபோல் வந்து, "குறளா, உங்கள் இருவரில் வெட்சிதான் உசத்தியாமே! காடே பேசுகிறது!" என்றது.

குறளனுக்குச் சுருக்கென்றது. "இவளா? ஓர் அடி நகர முடியுமா இவளால்? நான் மலையுச்சியையே பார்த்தவன்!"

வெட்சிக்கும் கோபம் வந்தது. "எங்கே, நீ ஒரு மொட்டு விட்டுக் காட்டு பார்ப்போம்! ஒண்ட இடம் கொடுத்தவளிடமா இந்தப் பேச்சு? போ வெளியே!"

"போகிறேன்! இனி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்!"

குறளன் வெட்டவெளிப் பாறைக்குத் தாவியது. அந்தக் கணமே பூனை பாய்ந்தது! அதன் வாயில் வால் சிக்கியது. குறளன் திமிறியது, பாதி வால் அறுந்துபோயிற்று. உயிர் தப்பினால் போதுமென்று ஓடி, மலை தாண்டி வேறொரு காட்டில் ஒளிந்தது. திரும்பி வரப் பயம், பயத்தைவிட வெட்கம்.

அங்கே பழத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மழை விட்டு மண் மணக்கும்போதெல்லாம், "இந்நேரம் வெட்சியக்கா பூத்திருப்பாள்" என்று நினைத்துக்கொள்ளும். இங்கே காற்றில் கிளை ஆடினால், "குறளனா?" என்று கேட்டுவிட்டு வெட்சி ஏமாந்துபோகும். பூக்கள் பூத்துப் பூத்துச் சுனையில் உதிர்ந்தன.

ஆண்டுகள் ஓடின. காட்டுப்பூனை கிழடாகிச் செத்துப்போனதென்று ஒரு மைனா சொல்லிற்று. நரைத்துப்போன குறளன் தட்டுத்தடுமாறி மலையேறி வந்து சேர்ந்தது.

"யாரது?"

"நான்தான், அக்கா."

"குறளனா! மீதி வால் எங்கேயடா?"

"யார் உசத்தி என்று பார்க்கப் போனோமே, அதில் போய்விட்டது!"

வெட்சி சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. "பூனை பாய்ந்தபோது, 'உள்ளே வந்துவிடு' என்று கத்த நினைத்தேன், குறளா. ரோஷம் வாயைக் கட்டிவிட்டது."

"நீ கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன், அக்கா. எனக்கும் அதே ரோஷம்தான்."

குறளன் மெல்லக் கிளைகளை விலக்கி உள்ளே போயிற்று. வெட்சி நெளிந்து இடம் விட்டது.

நமக்குள் யார் உயர்ந்தவர் என்று அளக்கப் புகுந்த நண்பர்கள், சேர்ந்து வாழ வேண்டிய காலத்தைத் தொலைத்துவிடுவார்கள்.