மடுவாமையும் சேற்றாமையும்

ஒரு காட்டாற்றில் ஆமைகள்தான் ஓடங்கள். நீந்தத் தெரியாத சிறு உயிர்கள் அவற்றின் முதுகில் ஏறி அக்கரை போகும். கூலி, ஒரு வாய்க் கீரை.

ஆமைகளில் இரண்டு குலம். ஆழமான மடுவில் பிறந்தவற்றின் ஓட்டில் மஞ்சள் கோடு உண்டு. சேற்றுக் குட்டையில் பிறந்தவற்றுக்கு அது இல்லை. "மடுவாமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். சேற்றாமை நட்டாற்றில் கைவிட்டுவிடும்" என்பது காட்டின் பேச்சு.

செவந்தி என்ற சுண்டெலி விதை பொறுக்க இக்கரைக்கு வந்திருந்தாள். அக்கரை வளையில் அவள் குஞ்சுகள். இன்னும் கண் திறக்காதவை.

உச்சிப் பொழுதில் ஆறு செம்மண் நிறமாக மாறியது. மலையில் மழை. செவந்தி ஆற்றோரம் ஓடிவந்தாள். வளை தாழ்ந்த கரையில் அல்லவா இருக்கிறது!

மடுவாமைக்காக நீண்ட வரிசை நின்றது. அவள் கடைசியில் நின்றாள். பக்கத்திலேயே தவிடன் என்ற சேற்றாமை சும்மா கிடந்தான்.

"ஏறேன் தாயி. நான் கொண்டுபோய் விடுறேன்."

"வேண்டாம் அண்ணே. என் பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான்."

தவிடன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். பழகிப்போன பதில்.

மருத மரத்து மைனா குனிந்து பார்த்தாள். "நல்ல வேளை பிழைச்சே! அதுமேல ஏறினவங்க கரை கண்டதில்லை."

அப்போது ஒரு மடுவாமை கரை சேர்ந்தது. அதிலிருந்து இறங்கிய முயல் காது முதல் வால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

"என்ன மாமா, இந்தக் கோலம்?" என்றாள் செவந்தி.

"ஆறு பொல்லாதது, மருமகளே. அலை அப்படி. பாவம், ஆமை என்ன செய்யும்?"

வரிசையில் நின்ற அணில் தலையாட்டினாள். "வாஸ்தவம். நான் போன மழைக்கு அவசரத்துல இந்தச் சேற்றாமை மேல போனேன். வால் நுனி நனைஞ்சுபோச்சு. உருப்படாத ஆமை!"

செவந்தி முயலைப் பார்த்தாள். அணிலின் வாலையும் பார்த்தாள்.

"மைனா அக்கா, சேற்றாமை கைவிட்டதை நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்கே பார்த்தேன்? குயில் சொன்னாள்."

"குயில் பார்த்தாளா?"

"அவளுக்கு யாரோ சொல்லியிருப்பாங்க. ஊரே சொல்லுதே, பொய்யா இருக்குமா?"

ஆற்றில் ஒரு மரக்கிளை சுழன்று போனது. வரிசை நகரவில்லை. செவந்தி விதைகளைக் கீழே போட்டாள். "அண்ணே, முதுகைக் காட்டுங்க" என்று தவிடன் மேல் தாவினாள்.

அவளுக்குப் பயம் போகவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் மனம் வரவில்லை. நட்டாற்றில் ஓர் அலை வந்து அவள் கால்களை நனைத்தது.

"மன்னிச்சுக்கோ தாயி" என்றான் தவிடன், மூச்சு வாங்க.

அக்கரையில் தண்ணீர் வளையின் வாயை நக்கிக்கொண்டிருந்தது. செவந்தி அலறினாள். தவிடன் நகர்ந்துபோய்த் தன் ஓட்டை வளையின் வாயில் அணையாக வைத்துக்கொண்டான்.

"வளைக்கு மேட்டுப் பக்கம் ஒரு வாசல் இருக்குமே, அது வழியாப் பிள்ளைகளை எடு. நான் தாங்குறேன்."

அவள் ஒவ்வொரு குஞ்சாக வாயில் கவ்வி மேட்டுக்கு ஓடினாள். கடைசிக் குஞ்சு வந்து சேர்ந்த பிறகுதான் தவிடன் விலகினான். வளைக்குள் ஆறு புகுந்தது.

அந்தி சாய்ந்தது. கண் திறக்காத பிள்ளைகள் அவள் வயிற்றுச் சூட்டில் ஒண்டிக்கிடந்தன. விதை இல்லை, வீடும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கை குறையவில்லை.

வெள்ளம் வடிந்ததும் மைனா பறந்து வந்தாள்.

"சேற்றாமை மேல வந்தியாமே! நனைஞ்சியா?"

"நனைஞ்சேன், அக்கா."

"பார்த்தியா! நான் அன்னைக்கே சொல்லல?"

செவந்தி கரையோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த தவிடனைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"ஆறு பொல்லாதது, அக்கா. பாவம், ஆமை என்ன செய்யும்?"

பேரைப் பார்த்து ஏறுவதைவிட, ஏறியவர் எப்படிக் கரை சேர்ந்தார் என்று பார்த்து ஏறுவதே அறிவு.